வெட்டிப் போட்ட நாலு விநாடி

ஜனவரி 13, திங்கள்

கடைவாய்ப் பல் வலிக்கிறது. ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி பல் வலியை வைத்துக்கொண்டு ராத்திரித் தொலைக்காட்சியில் நாட்டு நடப்பைக் கிண்டல் செய்யத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இல்லை என்று மத்தியானம் மூன்று மணி ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. செனட்டர்களின் சம்பள உயர்வு பற்றி நாலு வரி. ஒத்திகை பார்க்க வந்த அயோவா சுற்றுலாக்காரர்கள் பதினெட்டுப் பேரும் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"நாலையும் தூக்கிடலாம் டெடி," என்றான் மார்வ். "அயோவா நம்மள மன்னிச்சாப் போதும்."

மார்வ் க்ளெப்பர் எங்கள் தலைமை எழுத்தாளன். பதினொரு வருடமாக என் வாயில் வார்த்தையைப் போடுவதும் அதைப் பிடுங்குவதும் அவன்தான். ஐந்தரை மணிப் பதிவில் அந்த நாலு வரி இல்லை. பதிவு நன்றாகவே போயிற்று.

ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்பதை ஏப்ரலில் சொல்வார்களாம். நீட்டிப்பார்கள். பதினொரு வருடம் நீட்டித்தவர்கள்தானே. நீட்டிப்பார்கள்.

ஜனவரி 15, புதன்

இன்று சரியான வேட்டை.

டன்மோர் குழுமத்துக்கு நாடு முழுக்க நூறு உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் இருக்கின்றன. இன்னும் அறுபது வாங்கிக்கொள்ள வாஷிங்டன் போன வாரம் அனுமதி கொடுத்தது. அதற்கு நன்றியாக டன்மோர் ஒரு வாசகம் எழுதி எல்லா நிலையங்களுக்கும் அனுப்பியிருக்கிறது. செய்தி வாசிப்பவர்கள் செய்தி மாதிரியே அதை வாசிக்க வேண்டும். "வாஷிங்டன் எடுத்த இந்தத் துணிச்சலான முடிவால் உங்கள் ஊரின் குரல் இன்னும் உரக்கக் கேட்கும்."

இனெஸ் கிரோகாதான் கண்டுபிடித்தாள். அவளுக்கு வேலையே அதுதான். காலை ஏழு மணியிலிருந்து இருபது திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ஊர் ஊராகப் பதிவாகி வரும் செய்திகளைச் சலித்து எடுப்பாள். முப்பத்து நாலு ஊர்களில் முப்பத்து நாலு பேர் ஒரே வாசகத்தை, ஒரே இடத்தில் புருவத்தைத் தூக்கி வாசிக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பல் வலியே மறந்துவிட்டது.

எல்லோரும் ஒரே நேரத்தில் 'வாஷிங்டன்' என்று தொடங்கும்படி வெட்டி ஒட்ட வேண்டும் என்றேன். அப்போதுதான் அது பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி ஒலிக்கும். இனெஸ் இன்னும் ஒரு நாள் கேட்டாள். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் முழுக்கப் பார்த்துவிடுகிறேன் என்றாள். ஒரு நாள் விட்டால் வேறு நிகழ்ச்சிக்காரன் எவனாவது போட்டுவிடுவான். நாளைக்கே வேண்டும் என்றேன்.

ஜனவரி 16, வியாழன்

வெடித்தது.

"முப்பத்து நாலு ஊரு. முப்பத்து நாலு வானிலை. வாய் மட்டும் ஒண்ணு." இதற்கு ஒரு சிரிப்பு. பிறகு கடைசியாக வந்த பெண்மணியின் முகத்தை அப்படியே நிறுத்திவைத்தோம். ஓஹாயோவில் லார்க்ஸ்பர்க் என்று ஓர் ஊர். அறுபதை நெருங்கும் வயது. தலையில் ஒரு சாணுக்கு ஏற்றிக் கட்டிய முடி. எனக்காக எழுதிப் பிடிக்கும் அட்டையில் இல்லாத வரி, அந்த நொடியில் எனக்கே தோன்றியது: "இந்தம்மாவப் பாருங்க. முடிக்குக்கூட சொந்தமா ஒரு கருத்து இருக்கு. வாய்க்குத்தான் இல்ல."

ஐந்து நிமிடம் ஆயிற்று அரங்கம் அடங்க. மார்வ் மேடைக்குப் பின்னால் என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் யாரையும் கட்டிப்பிடிக்கிறவன் இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

இணையத்தில் தொண்ணூறு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். முடி வசனத்தைக் காப்பிக் கோப்பையில் அச்சடித்து எவனோ விற்கிறான். எனக்கு ஒரு கோப்பைகூட அனுப்பவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

கடிதம் வந்திருக்கிறது. தாளில், பேனாவில், ஒரே பக்கம். அந்த முடிக்காரப் பெண்மணிதான். வெர்னா ஸ்டாக்கர்.

"அம்மணி, என் தலைமுடி பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை, அதைவிட மோசமாக என் தங்கையே சொல்லியிருக்கிறாள். ஆனால் அன்று அந்த வாசகத்தைப் படிப்பதற்கு முன்னால் நான் ஒன்று சொன்னேன். அதை வெட்டிவிட்டீர்கள். முழுப் பதிவையும் உங்கள் ஆட்கள் ஒரு தடவை பார்க்கட்டும்."

இனெஸிடம் காட்டினேன். அவள் போய்ப் பதிவை எடுத்தாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். திரையில் அந்த அம்மாள் தாளைக் கையில் எடுக்கிறாள், நேராகப் பார்க்கிறாள், சொல்கிறாள்: "இது எங்கள் செய்தி அறையில் எழுதியது இல்லை. முதலாளிகள் எழுதி, வாசிக்கச் சொன்னது." அப்புறம்தான் 'வாஷிங்டன்'.

நாலு விநாடி.

முப்பத்து நாலு பேரில் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்ன ஒரே ஆள். அவளைப் பிடித்து வாயில்லாதவள் என்று நாடே சிரிக்கும்படி செய்திருக்கிறேன். அடுத்தவன் பேச்சைப் பாதியில் வெட்டிப் போடுகிறான் என்று பதினொரு வருடமாக ஒவ்வொரு செய்திச் சேனலையும் திட்டித் தின்று வளர்ந்தவள் நான்.

இனெஸ் அழுதாள். "ஒரு நாள் கேட்டேன் டெடி," என்றாள். கேட்டாள், ஆமாம். தேதி போட்டு நானே எழுதி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 29, புதன்

காலைக் கூட்டம் சண்டையில் முடிந்தது. இன்றே மேடையில் சொல்லிவிடலாம் என்றேன். மார்வுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எதுக்கு? வலைப்பக்கத்துல கீழ ஒரு வரி போட்டுரு. 'ஒரு காட்சி சுருக்கப்பட்டது, வருந்துகிறோம்.' முடிஞ்சுது. மேடையில நின்னு நாங்க தப்பு பண்ணிட்டோம்னு சொன்னா, நாளைக்கு வெள்ளை மாளிகைல இருந்து கிளம்பி வருவானுங்க. 'பாத்தீங்களா, இவங்க பதினோரு வருஷமாப் பொய்தான் சொல்றாங்க, அவளே ஒத்துக்கிட்டா'ம்பான். அந்த ஒரு காட்சி தப்பு. மத்த முப்பத்து மூணும் நிஜம்தானே? அந்த முப்பத்து மூணும் செத்துப்போகும்."

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதுதான் எரிச்சல். ஆனால் போன வருடம் ஒரு பெரிய பத்திரிகை முதல் பக்கத்தில் புளுகிவிட்டு, இருபத்தாறாம் பக்கத்தில் கல்யாண அறிவிப்புகளுக்குக் கீழே திருத்தம் போட்டபோது நான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மேடையில் தவழ்ந்து தேடினேனே. அந்த வசனத்தை எழுதியவன் இதே மார்வ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது மற்றவர்கள் செய்தால் நகைச்சுவை, நாங்கள் செய்தால் உத்தியா?

நாளை சொல்கிறேன். யார் தடுத்தாலும்.

ஜனவரி 30, வியாழன்

சொன்னேன். ஐந்தரை மணிப் பதிவில், இரண்டரை நிமிடம், முழுப் பதிவையும் போட்டுக் காட்டி.

எட்டு மணிக்கு ஹோல்கம் வந்தார். சேனலின் வழக்கறிஞர். நாங்கள் சாயங்காலம் பதிவு செய்வது ராத்திரி பதினொன்று முப்பத்தைந்துக்குத்தான் வீடுகளுக்குப் போகும். நடுவில் உள்ள ஆறு மணி நேரம் ஹோல்கமின் ராஜ்ஜியம். குரலை உயர்த்தவே மாட்டார்.

"டெடி, நீங்க செஞ்சது ரொம்ப உயர்ந்த காரியம். அதைத்தான் நான் எடுத்துடறேன்."

"எதுக்கு?"

"நம்ம சேனலோட அனுமதி ஒண்ணு வாஷிங்டன்ல கிடக்கு. தப்பு பண்ணினோம்னு நாமளே வாயால சொன்னா, நாளைக்கு அது கோர்ட்டுல வாக்குமூலம். அந்தம்மாவுக்குத் தனியா ஒரு நல்ல கடிதம் எழுதுங்க. பூங்கொத்து அனுப்பலாம், செலவு நாங்க பாத்துக்கறோம்."

பாம்புக்கு வாலும் மீனுக்குத் தலையும் காட்டுகிற மனுஷன். என் இரண்டரை நிமிடம் போன இடத்தில், அன்றைக்கு விருந்தினராக வந்த மிருகக்காட்சிசாலைக்காரர் கொண்டுவந்திருந்த ஆமையை இரண்டரை நிமிடம் நீட்டிப் போட்டார்கள். ஆமை கீரை தின்றது. வீட்டில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். அது என்னைவிட நன்றாக நடித்தது.

பிப்ரவரி 3, திங்கள்

வெர்னாவுக்குப் போன் செய்தேன். பூங்கொத்து அனுப்பவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த ஊர்க்காரர்களுக்கே உரிய நிதானம். ஒவ்வொரு வார்த்தையும் எடை போட்டு வருகிறது.

"இந்தா பாரு டெடி. மன்னிப்பு எனக்கு வேண்டாம். முப்பத்தோரு வருஷம் இந்த ஊருல செய்தி வாசிச்சேன். வெள்ளம் வந்தப்ப மூணு நாள் தூங்காம வாசிச்சேன். இப்ப பலசரக்குக் கடையில வரிசையில நிக்கறேன், பின்னால ஒரு பொம்பள தன் புருஷன்கிட்ட 'முடிக்குக் கருத்து இருக்கு'ங்கறா. எங்க தேவாலயத்துல அந்தக் கோப்பைல காப்பி குடிக்கறானுங்க. என் கண்ணு முன்னால."

அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு வேண்டியது என் நாலு விநாடி. எந்த மேடையில எடுத்தியோ அந்த மேடையிலயே திருப்பிக் கொடு. நடுவுல நீ ஒண்ணும் பேச வேண்டாம். ஜோக்கு அடிக்க வேண்டாம். என்னைப் புகழவும் வேண்டாம். போட்டுட்டு சும்மா நில்லு."

ஹோல்கம் வெட்டியதைச் சொன்னேன். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன், பெரிய அக்கறையோடு. உங்கள் முதலாளிகள் ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறார்கள், நீங்கள் சொன்னது இன்னும் அவர்கள் காதில் விழவில்லை, நான் போட்டால் விழும், உங்கள் வேலை போய்விடும் என்று.

"போகும்," என்றாள். "எங்க மேனேஜர் காதுல விழாத மாதிரி இருந்துட்டாரு, அதனால தப்பிச்சேன். எனக்குத் தெரியாதா? சொல்லும்போதே தெரியும். என் வேலையப் பத்தி நீ கவலைப்படாத. நீ கவலைப்படறது உன் வேலையப் பத்தி. அதை நேராச் சொல்லிட்டா நானும் போனை வச்சுட்டுத் துணி மடிக்கப் போவேன்."

சொல்லவில்லை. அவள்தான் வைத்தாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சரி, எழுதுகிறேன். என் வேலையைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஓடிஸ் எங்கள் அட்டைக்காரர். நான் பேசுவதையெல்லாம் தடித்த கறுப்பு மையில் வெள்ளை அட்டையில் எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடிப்பவர். ஆறடி நாலு அங்குலம். ஒத்திகை முடிந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் போய்ப் புலம்பினேன். டன்மோர்க்காரன் எழுதிக் கொடுத்ததை வாயைத் திறந்து வாசித்த அந்த முப்பத்து மூன்று கோழைகளும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், நான் தூங்கவில்லை என்றேன்.

"அவங்களைக் கோழைன்னு சொல்லாத," என்றார் ஓடிஸ். "நீயும் நான் எழுதினதைத்தான் வாசிக்கற."

"அது என் கருத்து ஓடிஸ். நானும் மார்வும் எழுதறது."

"அப்ப ஹோல்கம் அடிச்ச அட்டை? அதை நீ மறுபடி வாசிக்கலயே. போன வியாழக்கிழமை ஆமை வந்துச்சு. திங்கக்கிழமை நீ மேடைக்கு வந்து ஆமையப் பத்தி ஒரு ஜோக்கு சொன்ன. ஏன் ஆமை அவ்வளவு நேரம் வந்துச்சுன்னு சொன்னியா?"

சொல்லவில்லை. ஆமை ஜோக்குக்கு நல்ல சிரிப்பு. ஊருக்குத்தான் உபதேசமெல்லாம்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஐம்பத்து நாலாம் தெருவிலிருந்து எண்பத்தாறாம் தெரு வரை, பனியில். காலுறை நனைந்தது. கோபம் குறையவில்லை, இடம்தான் மாறியது. இதுவரை ஹோல்கம் மேல் இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

முட்டாள். பதினொரு வருடமாக இதே வேலையில் இருந்துகொண்டு, இது தோன்ற பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது.

வருடத்தில் ஒரே ஒரு ராத்திரி நாங்கள் நேரலை. அதிபர் காங்கிரஸில் உரையாற்றும் ராத்திரி. சாயங்காலமே பதிவு செய்தால் அவர் என்ன பேசினார் என்று கிண்டல் செய்ய முடியாதே. அதனால் அன்றைக்கு மட்டும் பதினொன்று முப்பத்தைந்துக்கு நான் வாயைத் திறந்தால் அதே நொடியில் வீடுகளில் கேட்கும். ஹோல்கமின் ஆறு மணி நேரம் கிடையாது.

பிப்ரவரி 25.

மார்விடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். "என்கிட்ட நீ சொல்லல. நான் கேக்கல," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை நிமிஷம் வேணும்?" என்றான்.

"ஒண்ணு. அதுல பாதி சும்மா நிக்கறதுக்கு."

"நீ? சும்மா?" சிரித்தான். கல்யாண வீட்டிலும் கல்லறையிலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்து அவன் பார்த்ததில்லை. உண்மைதான். அவன் அப்பாவை அடக்கம் செய்த அன்று சடங்கு நடத்திய ரபியைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொல்ல, மார்வே சிரித்துவிட்டான்.

பிப்ரவரி 24, திங்கள்

நாளை.

ஹோல்கமுக்குக் காட்டிய நிகழ்ச்சி வரிசைத் தாளில் அந்த ஒரு நிமிடத்துக்கு 'வானிலைக் கிண்டல்' என்று எழுதியிருக்கிறது. மார்வின் கையெழுத்து. பொய் எழுதித்தான் உண்மையை உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி வேறொரு நாள் வெட்கப்பட்டுக்கொள்கிறேன்.

வெர்னாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். இன்னும் மனம் மாறலாம் என்றேன். "நாளைக்குத் தூங்காம முழிச்சிருக்கணுமா? பத்து மணிக்கு மேல எனக்குக் கண்ணு சொக்கும்," என்றாள். அவ்வளவுதான்.

இனெஸ் பதிவை எடுத்து வைத்துவிட்டாள். அவள் பெயர் எங்கும் வராது. வெட்டச் சொன்னது நான், அவசரப்படுத்தியது நான். அவளுக்கு இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. வேலை போனால் என்னுடையது போகட்டும்.

பயமாக இருக்கிறதா? இருக்கிறது. சிரிக்காத அரங்கத்துக்கு முன்னால் நிற்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பயம். நாளைக்கு நானே கேட்டு வாங்கி அதில் நிற்கப்போகிறேன்.

பிப்ரவரி 26, புதன்

காலை ஆறு மணி. தூங்கவில்லை. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அதிபர் தொண்ணூறு நிமிடம் பேசினார். எங்கள் நிகழ்ச்சியின் பத்தாவது நிமிடம் வரை நான் சொன்ன எல்லாமும் எடுபட்டது. அரங்கம் கையில் இருந்தது. அப்போது ஓடிஸ் அடுத்த அட்டையை எடுத்தார். அதில் நான் சொல்ல வேண்டிய ஒரே வரி. வாசித்தேன்.

"ஜனவரி பதினாறாம் தேதி லார்க்ஸ்பர்க் ஊரின் வெர்னா ஸ்டாக்கர் சொன்னதில் நாலு விநாடியை நான் வெட்டினேன். இதோ அது."

திரையில் வந்தாள். தாளை எடுத்தாள். "இது எங்கள் செய்தி அறையில் எழுதியது இல்லை. முதலாளிகள் எழுதி, வாசிக்கச் சொன்னது." அப்புறம் முழு வாசகமும். அப்புறம் திரை இருண்டது.

முன்னூற்றைம்பது பேர். மூச்சுச் சத்தம் கேட்கிறது. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். சிலர் சிரிப்பதற்குத் தயாராக வாயைப் பாதி திறந்து வைத்திருந்தார்கள், எங்கே சிரிப்பது என்று என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஜோக்கு வந்துவிட்டது. ஒன்றல்ல, மூன்று. மூன்றும் நல்லவை. அதில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அந்த இருபது விநாடியும் என்னுடையதாகியிருக்கும், எல்லோரும் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் படுக்கப் போயிருப்பார்கள். நாக்கு நுனியில் இருந்தது.

அப்போது ஓடிஸ் இன்னொரு அட்டையைத் தூக்கினார். வரிசையில் இல்லாத அட்டை, அவராகவே எழுதியது. 'டெடி. வாயை மூடு.'

மூடிக்கொண்டேன். நின்றேன். கட்டுப்பாட்டு அறையில் ஹோல்கம் எழுந்து நின்றதை மார்வ் பிறகு சொன்னான். எழுந்தாராம், விளம்பரத்துக்குப் போ என்றாராம். இயக்குநருக்கு அந்த நேரம் பார்த்துக் காதில் மாட்டியது வேலை செய்யவில்லையாம். இயக்குநர் மாட்டிக்கொள்ளவே இல்லை என்று மார்வ் சொல்கிறான்.

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் கைதட்டத் தொடங்கினாள். எனக்காக இல்லை. இருண்ட திரையைப் பார்த்துத் தட்டினாள்.

மேடையைவிட்டு இறங்கினேன். நான் செய்தது சரி. இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

வெள்ளை மாளிகைப் பேச்சாளர் காலையிலேயே வந்துவிட்டார். மார்வ் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நடந்தது. 'பொய் சொன்னதை நகைச்சுவை நடிகையே ஒப்புக்கொண்டார்.' இரண்டு செய்திச் சேனல்கள் முந்தாநாள் ராத்திரிக் காட்சியைப் போட்டன. எப்படிப் போட்டன தெரியுமா? "நான் வெட்டினேன்" என்பதை மட்டும் வெட்டி எடுத்து, மூன்று தடவை.

பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. போடு. நூறு தடவை போடு. நான் சொன்னதுதான், மறுக்கப்போவதில்லை.

மத்தியானம் வெர்னாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மேசையைக் காலி செய்ய இருபது நிமிடம் கொடுத்தார்களாம்.

மார்ச் 2, ஞாயிறு

அவளைக் கூப்பிடப் பயந்து மூன்று நாள் தள்ளிப் போட்டேன். இன்று கூப்பிட்டேன்.

"முப்பத்தோரு வருஷத்துக்கு மூணு அட்டைப்பெட்டி," என்றாள். "கார் வரைக்கும் ஒரு காவலாளி கூட வந்தான். அவனுக்கு முதல் முதல்ல பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில பரிசு கொடுத்ததே நான்தான். அழுதுட்டான். நான்தான் தேத்தினேன்."

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள்.

"இன்னிக்குத் தேவாலயத்துல ஒருத்தன் என்னைப் பாத்துட்டுக் கோப்பையக் கீழ வச்சுட்டான். காகிதக் கோப்பைல குடிச்சான். ஒண்ணும் சொல்லல. எனக்கு அது போதும்." பிறகு, "நீ சும்மா நின்ன பாரு, அது நல்லா இருந்துச்சு. முகம் மட்டும் பல் வலி வந்தவ மாதிரி இருந்துச்சு," என்றாள்.

பல் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.

மார்ச் 19, புதன்

இரண்டு விளம்பரதாரர்கள் விலகிவிட்டார்கள். மெத்தைக் கம்பெனி, மலச்சிக்கல் மாத்திரை. இருவரையும் பற்றி இன்று மேடையில் ஆறு நிமிடம்.

ஏப்ரல் 10, வியாழன்

நீட்டிக்கவில்லை.

ஹோல்கம் நேரில் வந்து சொன்னார், அதற்கு ஒரு மரியாதை கொடுக்க வேண்டும். பார்வையாளர் எண்ணிக்கை, செலவு, மக்கள் ரசனை என்று ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். யாரோ எழுதிக் கொடுத்த தாள்.

"இது நீங்க எழுதினதா?" என்று கேட்டேன்.

தாளை மடித்தார். "இல்ல டெடி," என்றார். "மேல இருந்து வந்தது. வாசிக்கச் சொன்னாங்க." அவர் முகத்தை அப்போதுதான் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். அவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

வருத்தமா? ஆமாம். நூற்றுப் பத்துப் பேருக்கு வேலை போகிறது, அவர்களிடம் நான் என்ன சொல்வது? இன்று எல்லோரையும் மேடையில் கூட்டி வைத்துச் சொன்னேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இனெஸ் கையைத் தூக்கி, "மே இருபத்திரண்டு வரைக்கும் ஆறு வாரம் இருக்கு. நாளைக்குக் காலைக் கூட்டம் உண்டா இல்லையா?" என்றாள்.

உண்டு. ஒன்பதரைக்கு.

இன்னும் இருபத்துநாலு நிகழ்ச்சி. என்னை வேலையைவிட்டு எடுத்தாகிவிட்டது. இனி எதைக் காட்டி மிரட்டுவார்கள்? பதினொரு வருடத்தில் இவ்வளவு சுதந்திரமாக ஒரு நாளும் இருந்ததில்லை. ஒவ்வொரு ராத்திரியும் டன்மோர். ஒவ்வொரு ராத்திரியும் முழுசாக, முன்னும் பின்னும்.

மே 5, திங்கள்

இன்று ஹோல்கம் எதையும் வெட்டவில்லை. எட்டு மணிக்கு வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போனார்.

மே 22, வியாழன்

இன்றைக்குக் கடைசி நிகழ்ச்சி. இதை மத்தியானம் இரண்டு மணிக்கு எழுதுகிறேன், சாயங்காலம் முடியாது.

காலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது இனெஸ் ஓடிவந்தாள். டன்மோர் நேற்றுப் புதிதாக ஒரு வாசகம் அனுப்பியிருக்கிறது, அந்த அறுபது நிலையங்களையும் வாங்கி முடித்த சந்தோஷத்தில். நூற்று அறுபது ஊர். அவள் விடிய விடிய உட்கார்ந்து ஒவ்வொன்றையும் முழுக்கப் பார்த்திருக்கிறாள்; யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

ஐந்து பேர்.

முதலில் மொன்டானாவில் ஒருவன். ஓல்சன் என்று பெயர், முப்பது வயது இருக்கும். தாளை எடுத்தான், எச்சில் விழுங்கினான். "இது எங்கள் செய்தி அறையில் எழுதியது இல்லை. முதலாளிகள் எழுதி, வாசிக்கச் சொன்னது." வெர்னா சொன்ன அதே சொற்கள், ஒன்றுகூட மாறாமல். அப்புறம் ஆர்கன்ஸாவில் ஒரு பெண். மெய்னில் வானிலை சொல்கிறவர். இருவர் டெக்சஸில், ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தொடங்க இன்னொருவர் முடித்தார்கள்.

நானும் இனெஸும் மார்வும் பார்த்தோம். மார்வ் மூக்கைச் சிந்தினான். ஜோக்கு எதுவும் எழுத வேண்டாம் என்றேன். "எழுதினா கையை ஒடிச்சுக்குவேன்," என்றான். ஐந்து பேரின் பெயரையும் ஊரையும் ஓடிஸ் அட்டைக்கு ஒன்றாக எழுதிக்கொண்டிருக்கிறார். இன்று அதுதான் முதல் அட்டை.

வெர்னாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். உடனே ஐந்து பேரின் தொலைபேசி எண்ணையும் கேட்டாள்.

"எதுக்கு?"

"வேலை போன மொத நாள் எப்படி இருக்கும்னு யாராவது சொல்ல வேண்டாமா? காலைல எழுந்ததும் என்ன பண்றதுன்னு தெரியாது. நாய்கூட ஒரு மாதிரியாப் பாக்கும்."

மூன்று பேரை நேற்றே நீக்கிவிட்டார்கள், டெக்சஸ்காரர்கள் இருவருக்கும் இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

"திங்கக்கிழமை வரைக்கும் பொறு," என்றாள்.

எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொண்டு, திரும்பப் படித்துச் சரிபார்த்தாள். நாளைக் காலையில் இன்னொருத்தியும் வேலை இல்லாமல் எழுந்திருப்பாள், அவள் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"உன்னுது எங்கிட்ட இருக்கு," என்றாள் வெர்னா. "எட்டு மணிக்குக் கூப்பிடறேன். எழுந்திரு."